பாட்டி வீட்டுக்குப் போகட்டும் உதவி
ஆப்பிரிக்க அநாதைப் பிள்ளைகளுக்கு நன்கொடை என்றதும் நமக்குத் தோன்றுவது விடுதிக் கட்டடமும் வாசலில் பெயர் பொறித்த கல்லும்தான். ஜிம்பாப்வேயின் முடாரே நகரில் 1987-ல் தொடங்கிய 'ஃபேமிலி எய்ட்ஸ் கேரிங் டிரஸ்ட்' என்ற கிறிஸ்தவ அமைப்பு வேறு வழி கண்டது. எய்ட்ஸுக்குப் பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகள் பெரும்பாலும் பாட்டியிடமே வளர்ந்தார்கள். 1993 முதல் சபைப் பெண்கள் தொண்டர்களாக அந்த வீடுகளைத் தேடிப் போனார்கள். மக்காச்சோள விதை, போர்வை, பள்ளிக் கட்டணம் என்று கைகொடுத்தார்கள். (பிழைப்புக்காகப் பிள்ளையை ஊரில் பாட்டியிடம் விட்டு வந்த நம்மவர்களுக்கு இதன் அருமை புரியும்.) மருந்து பரவி மரணங்கள் குறைந்தன, உண்மை. ஆனால் 2025-ல் அமெரிக்கா அயல்நாட்டு உதவியைத் திடீரென நிறுத்தியபோது மருந்தும் பலருக்குக் கேள்விக்குறியானது. ஆகவே இப்பணி தொடரட்டும். கொடுக்கும் அன்பர்கள் கட்டடத்துக்குக் கொடுக்காமல் பாட்டிக்குக் கொடுங்கள். கல்லில் பெயர் வராது, அவ்வளவுதான்.