பையிலே அரிவாள்! கையிலே கயிறு!

பாளையங்கோட்டை, பள்ளிகளும் கல்லூரிகளும் நிறைந்த ஊர். கல்விக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே, 2025 ஏப்ரல் 15ஆம் நாள், எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், புத்தகப் பையிலே அரிவாளை மறைத்து எடுத்து வந்தான். வகுப்பறையிலேயே உடன் படிக்கும் மாணவனை வெட்டினான். தடுக்க ஓடிவந்த ஆசிரியையும் வெட்டுப்பட்டார். பென்சில் பற்றி எழுந்த பிணக்கு என்று காவல்துறை கூறிற்று. பென்சிலுக்கு அரிவாள்! படித்தோம், பதறினோம்.

"சினிமா கெடுத்துவிட்டது, செல்போன் கெடுத்துவிட்டது" என்கின்றனர் சிலர். "பையைச் சோதியுங்கள்" என்கின்றனர் வேறு சிலர். சோதிக்கட்டும், வேண்டாமென்று நாம் கூறவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம்: பிணக்கு வந்தால் அரிவாளைத் தூக்கு என்ற பாடம் எந்தப் பாடநூலிலே இருக்கிறது? எந்த ஆசிரியர் கற்பித்தார்? எவரும் இலர்! தெருவிலே, திருவிழாவிலே, பெரியவர்களின் வீரப் பேச்சிலே அன்றோ பிள்ளைகள் அதைக் கற்கின்றனர்!

நாங்குநேரியை மறந்திருக்கமாட்டீர்கள். அதே நெல்லை மாவட்டம். 2023 ஆகஸ்ட் 9ஆம் நாள் இரவு. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த ஒடுக்கப்பட்ட குடும்பத்து மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுத்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் அவருடைய பள்ளியிலே படித்தவர்கள்! தமக்கு இழைக்கப்பட்ட கொடுமையைப் பள்ளியிலே எடுத்துச் சொன்னார். அதற்குத்தான் இந்தத் தண்டனை.

அதன் பின்னர் நீதிபதி சந்துரு அவர்களின் தலைமையில் ஒருநபர் குழு அமைந்தது. 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவை பள்ளியிலே கூடாது, பள்ளிகளின் பெயரிலே சாதி ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்றது. நல்ல பரிந்துரைகள்! ஆனால், கயிற்றை அவிழ்ப்பது அவ்வளவு எளிதா? 2019லேயே கல்வித் துறை இயக்குநர் கயிறு கூடாதென்று சுற்றறிக்கை விடுத்தார். எதிர்ப்புக் கிளம்பிற்று, தம் கவனத்துக்கு வராமல் அனுப்பப்பட்டது என்று அன்றைய அமைச்சரே கைகழுவினார்!

அமைச்சரை மட்டும் குறைகூறி நாம் தப்பித்துக்கொள்ளலாமா? தோழர்களே, இங்கேதான் உங்களிடம் சற்றுக் கசப்பாகப் பேச வேண்டியிருக்கிறது.

மாணவன் கையிலே கயிற்றைக் கட்டிவிட்டவர் யார்? சாதிச் சங்க விழாவுக்கு நன்கொடை எழுதியவர் யார்? அரிவாள் ஓங்கி நிற்கும் படத்தோடு தெருமுனையிலே பேனர் கட்டியபோது, "நமக்கேன் வம்பு, வாக்கு போய்விடும்" என்று வாய்மூடி நடந்தவர் யார்? அவர்களிலே நம்மவர் எவருமில்லை என்று நெஞ்சிலே கைவைத்துச் சொல்ல முடியுமா? மேடையிலே சமத்துவம், மணவழைப்பிலே சாதிப் பட்டம் என்றிருந்தால், மகன் எதை நம்புவான்? கண்ணால் கண்டதைத்தான் நம்புவான்!

1929ஆம் ஆண்டு செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாட்டிலே, பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தைத் துறந்தனர் நம் முன்னோர். அரசாங்கம் ஆணையிட்டதாலா? இல்லை, தாமே துறந்தனர். அந்த மரபுக்கு நாம் வாரிசுகள் என்றால், அதற்கான வேலை இன்றும் இருக்கிறது.

ஆலையிலே ஒரே இயந்திரத்தருகே நிற்கும் தொழிலாளத் தோழர்களுக்கு இது தெரியும். கூலி குறைந்தால் எல்லாச் சாதிக்காரன் அடுப்பும்தான் அணைகிறது. அந்த உண்மையை வீட்டிலே பிள்ளையிடம் சொன்னோமா?

இன்றிரவு வீடு திரும்பியதும் மகனை அருகே அழையுங்கள். வகுப்பிலே யாருடன் அமர்கிறான், யாருடன் பிணக்கு என்று கேளுங்கள், அதட்டாமல் கேளுங்கள். அவன் கையிலே கயிறு இருந்தால், ஏன் கட்டினாய் என்று கேளுங்கள். கட்டியது நீங்களேயானால், நீங்களே அவிழ்த்துவிடுங்கள். கிளைக் கழகங்கள் அந்தந்தத் தெருவின் மாணவர்களை ஒன்றாக அமரவைத்து மாலை வகுப்பு நடத்தட்டும். சாதிச் சங்கம் அழைத்தால் போகாதிருங்கள். வாக்கு குறைந்தால் குறையட்டும்!

வெட்டுப்பட்டவனும் தமிழ்ப் பிள்ளை. வெட்டிவிட்டுச் சீர்திருத்தப் பள்ளிக்குப் போகிறவனும் தமிழ்ப் பிள்ளை. இருவரையும் இழந்துவிட்டு, வென்ற தேர்தலை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்யப்போகிறோம்?