முற்பணம் வீட்டுக்காரரின் காசு அல்ல

"வீட்டை விட்டு எழும்பினால் முற்பணத்தை மறந்துவிட வேண்டியதுதான்." அச்சுவேலிச் சந்தியில் வாடகை வீட்டுப் பேச்சு வந்தால் இதுவும் கூடவே வரும். எழும்பினவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார். எனக்கு இதை ஏற்க மனமில்லை. அதற்குச் சொல்லும் காரணங்கள் எல்லாமே பிழை.

"எழுத்தில ஒண்டும் இல்லையே" என்பது முதற் காரணம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன் எழுதவேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்வது உண்மைதான். அது குத்தகைக்கான விதி. எழுதாமல் இருந்தவர் மாத வாடகைக்கு இருந்தவராகக் கணிக்கப்படுவார். அவர் கொடுத்த காசு இல்லாமற் போய்விடாது. வங்கியில் போட்ட சீட்டு, "காசு கிடைச்சது" என்று வந்த வட்ஸ்அப் செய்தி, சாவி வாங்கிய அன்று பக்கத்தில் நின்ற அயலவர், எல்லாம் சான்றுதான். வாய்மொழி உடன்பாட்டுக்கே மூன்று ஆண்டுகள்வரை வழக்குப் போடலாம், எழுத்திருந்தால் ஆறு. 1871இலிருந்து உள்ள சட்டம் அது.

அடுத்தது, "பெயின்ற் அடிக்க வேணும், அதுக்குக் கழிச்சிட்டன்." குடியிருந்தால் சுவர் மங்கும். கலண்டர் தொங்கிய இடத்தில் ஆணித்துளை இருக்கும், குசினிச் சுவரில் புகை படியும். இந்த இயல்பான தேய்மானத்துக்கு வாடகைக்கு இருந்தவர் பொறுப்பில்லை என்பதே நம் நாட்டில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டத்தின் நிலைப்பாடு. மாதாமாதம் வாங்கிய வாடகை பிறகு எதற்காம்? உடைந்த கதவு, எரித்துவிட்ட கிணற்று மோட்டர், கட்டாத கரண்ட் பில், வாடகை நிலுவை என்றால் கழிக்கட்டும். பில்லைக் காட்டிக் கழிக்கட்டும்.

"அவை கனடாவில, நான் சாவி வைச்சிருக்கிறன் மட்டும்தான்" என்பது இப்போது அதிகம் கேட்கும் பதில். வீட்டுக்காரருக்காகக் காசை வாங்கியவர் வாங்கியது வீட்டுக்காரரையே கட்டுப்படுத்தும். வாடகை வாங்கும்போது மட்டும் அவர்களுக்காகப் பேசியவர், முற்பணம் என்றதும் வெறும் சாவிக்காரர் ஆகிவிட முடியாது. அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்திருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

"அது என்ன பெரிய காசே?" என்கிறார்கள். 1990இல் இடம்பெயர்ந்த வளலாய்ச் சனத்துக்கு 2015 மார்ச்சில்தான் காணி விடுபட்டது. அப்படி வாடகை வீடுகளில் காலம் தள்ளி, பற்றைக்காடாகிவிட்ட சொந்தக் காணிக்குத் திரும்பும் குடும்பத்துக்கு இது பெரிய காசு. வாடகை வீடு மாறும் எவருக்கும் அடுத்த வீட்டின் முற்பணமே இதுதான்.

நம்மூரில் ஒற்றிக் காசை யாராவது இப்படிப் பேசுவார்களா? ஒற்றிப் பணத்தைக் கொடுத்தால்தான் காணி மீளும் என்பது 1707இல் தொகுத்த தேசவழமைக்கும் முந்திய நடைமுறை. அதைச் சின்னப்பிள்ளையும் அறியும். அங்கே காணி கையில் இருப்பதால் காசு திரும்புகிறது. முற்பணத்தில் சாவியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிறோம். அதனால்தான் சாவி கொடுக்கும் அன்றே, மீற்றர் அளவையும் திருப்பித் தரவேண்டிய தொகையையும் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையொப்பமிடவேண்டும் என்கிறேன்.

"கோட்டுக்குப் போனால் அதைவிடச் செலவு" என்பது கடைசிச் சாட்டு. இந்த அளவுத் தொகைக்கு நேரே நீதிமன்றம் போகவும் முடியாது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போகவேண்டும். மத்தியஸ்தர்களில் ஒருவரை நீங்கள் தெரியலாம், இன்னொருவரை வீட்டுக்காரர் தெரியலாம், மூன்றாமவரை அந்த இருவரும் தெரிவார்கள். சட்டத்தரணி அங்கே ஆஜராக முடியாது. அந்தச் செலவும் இல்லை. இணங்கினால் எழுத்தில் கையொப்பம் வாங்குவார்கள். இணங்காவிட்டால், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழைத் தருவார்கள். மல்லாகம் நீதிமன்றப் படியேறுவது அதற்குப் பிறகுதான்.