வேலிக்கு வெளியே இருக்கும் நீர்

ஈரநிலம் ஒன்றைக் காப்புப் பகுதியாக அறிவித்து, எல்லைக்கல் நட்டு, மனிதரையும் மாட்டையும் வெளியேற்றிவிட்டால் அது தானே தழைத்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக வேரூன்றியிருக்கிறது. காட்டுக்கே ஓரளவுதான் பொருந்தும் இக்கருத்தை, ஆண்டில் சில மாதங்களேனும் நீர் தேங்குவதாலேயே உயிர்பெறும் ஈரநிலத்தின்மீது ஏற்றுவது பெரும்பிழை என்பதற்கு ராஜஸ்தானின் பரத்பூரிலுள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவே சான்று.

மன்னர் காலத்தில் மண்கரை எழுப்பி நீர் தேக்கியதால் உருவான, ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இப்பூங்கா, ஈரநிலங்களைக் காக்க நாடுகள் செய்துகொண்ட ராம்சர் உடன்படிக்கையின் பட்டியலில் 1981-இல் இடம்பெற்றது. மறு ஆண்டே மேய்ச்சல் முற்றாகத் தடைசெய்யப்பட, எதிர்த்த கிராமத்தார்மீது காவல்துறை சுட்டதில் உயிர்கள் பலியாயின. அவ்வளவு கொடிய விலை கொடுத்து விரட்டப்பட்ட எருமைகள்தாம், நீரில் இறங்கிப் பாஸ்பாலம் என்னும் புல்லை மேய்ந்து, நீர்ப்பரப்பு மூடிக்கொள்ளாமல் காத்துவந்தன. அவை போனபின் தண்டு நீட்டிப் படர்ந்த அப்புல், வாத்துகள் இறங்கவும் மீன்கள் பெருகவும் இடமில்லாதபடி நீரை அடைத்துக்கொண்டதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆய்வு பதிவுசெய்தது. சூழல் சீர்கெட்டுவரும் ராம்சர் நிலங்களைக் குறித்துவைக்கும் மான்ட்ரூ பதிவேட்டில் 1990-இல் பூங்காவின் பெயர் ஏறியது.

புல்லினும் கொடியதாக வந்தது நீரின்மை. கம்பீர் ஆற்றின் வெள்ளமே அஜான் அணைக்கட்டு வழியாகப் பூங்காவை நிரப்பிவந்தது. ஆற்றின் மேற்புறத்தில் எழுந்த பாஞ்ச்னா அணையிலிருந்து நீர் திறக்க 2004-இல் பாசன விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தபோது, வேலியும் காவலரும் உலகப் பாரம்பரியப் பட்டமும் இருந்தும் பூங்கா வறண்டது. விவசாயிகளைப் பழிப்பது முறையன்று. நிலத்துக்கு எல்லை வகுத்த அரசு, அதற்கு வரவேண்டிய நீரில் பங்கை உறுதிசெய்யத் தவறியது. காலநிலை மாற்றத்தால் பருவமழை சில நாட்களில் கொட்டித் தீர்ந்து நீண்ட வறட்சி தொடரும் ஆண்டுகள் மிகும்போது, அணைநீருக்கான போட்டி முற்றும்; உரிமை வரையறுக்கப்படாத ஈரநிலமே அதில் முதலில் தோற்கும்.

கோவர்தன் வடிகாலிலிருந்தும் சம்பல் ஆற்றிலிருந்தும் குழாய்வழி நீர் வருவதால் சிக்கல் தீர்ந்ததென்பாரும் உளர். ஆற்று வெள்ளம் சுமந்துவரும் மீன்குஞ்சுகளையும் விதைகளையும் வண்டலையும் குழாய் அவ்வாறு கொண்டுவருவதில்லை. ஆகவே, பாஞ்ச்னாவில் எவ்வளவு நீர் சேர்ந்தால் எவ்வளவு பூங்காவுக்கு என்பதை, மழை குன்றிய ஆண்டுக்கும் சேர்த்து, அணையின் இயக்க விதியிலேயே எழுதிவைக்க வேண்டும். அதனால் விளைச்சல் இழக்கும் விவசாயிக்கு அரசே ஈடு தர வேண்டும்.