கடை விலாசமும் கைத்தொலைபேசியும்

அண்மையில் ஒரு மாலைப் பொழுதில், குறிகட்டுவான் இறங்குதுறைப் பக்கமாக உலாவச் சென்ற என்னை மாணவன் ஒருவன் வழிமறித்தான். முகம் வாடியிருந்தது. புலமைப்பரிசில் ஒன்றுக்குக் கைத்தொலைபேசி வழியாக விண்ணப்பிக்க முனைந்தானாம். அந்த விலாசத்திலிருந்து அளவுக்கு மிஞ்சிய முயற்சிகள் வந்துவிட்டன என்று கூறி இணையத்தளம் அவனை மறுத்துவிட்டதாம்.

"சேர், நான் ஒருக்காத்தான் அனுப்பினனான். ஒரு பிழையும் செய்யேல்லை" என்று கலங்கினான்.

அவன் கூற்று மெய்யே என்பதை வாசக அன்பர்கள் உணர வேண்டின், பழைய வழக்கம் ஒன்றை நினைவுகூர்தல் நலம்.

நம் தீவார் பலர் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை நடத்திய காலத்தை முதியோர் அறிவர். கடையில் வேலை செய்த அத்தனை பேருக்கும் உரிய கடிதங்கள் கடை விலாசத்துக்கே போகும். உறையிலுள்ள பெயரைப் பார்த்து முதலாளி அவரவர்க்குப் பிரித்துக் கொடுப்பார். கைத்தொலைபேசிக் கம்பனிகள் இன்று செய்வதும் ஏறக்குறைய அதுவே.

இணையத்தில் தொடர்புகொள்ளும் கருவிக்கு எண்களாலான விலாசம் ஒன்று வேண்டும். பழைய முறையில் அமையக்கூடியவை ஏறத்தாழ 430 கோடி. உலக மக்கள் தொகையோ 800 கோடியைக் கடந்துவிட்டது. உலகப் பொதுக் களஞ்சியம் 2011 பெப்ரவரியில் வெறுமையாயிற்று. ஆசிய பசுபிக் நாடுகளுக்கு விலாசம் பகிரும் ஏப்நிக் நிறுவனம் அதே ஆண்டு ஏப்ரலில் தன் கடைசித் தொகுதியைத் தொட்டு, அளந்து கொடுக்கத் தொடங்கியது.

ஆகவே கம்பனிகள் ஓர் உபாயத்தைக் கையாளுகின்றன. சிம் அட்டையைக் கொண்டு நம்மை இனங்கண்டபின், கம்பனியின் வாயிற்கணினி உள்வீட்டு விலாசம் ஒன்றை இரவலாகத் தருகின்றது. வாணர் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணம் சென்றாலும், கோபுரங்கள் மாறுமேயன்றி அவ்விலாசம் பெரும்பாலும் மாறாது. தொடர்பு அற்றதும் அது கம்பனிக்கு மீளும். பின் வேறொருவர் பெறுவார்.

இவ்வுள்விலாசத்தை வெளியுலகம் அறியாது. நமது செய்தி வெளியேறும்போது, பலருக்கும் பொதுவான விலாசம் ஒன்று அதன்மேல் இடப்படும். எவருடைய செய்தி என அறிய, 65,536 வாயில் எண்களுள் ஒன்று உடன் குறிக்கப்படும். உறையிலுள்ள பெயர் போன்றது அவ்வெண். இவ்வேற்பாட்டின் உள்விலாசங்களுக்கென்றே 2012இல் ஏறத்தாழ 42 இலட்சம் எண்கள் தனியே ஒதுக்கப்பட்டன.

இதனால் விளையும் கேடும் உண்டு. ஒருவன் செய்த குறும்புக்காக விலாசத்தைப் பகிர்ந்த அனைவருக்கும் கதவு அடைபடும். குற்ற விசாரணையிலும் விலாசம் மட்டும் போதாது. நாளும் நேரமும் வாயில் எண்ணும் ஒருங்கே கிடைத்தாலன்றி, கம்பனியின் பதிவேட்டில் உரிய ஆளைத் துணிந்து சுட்ட இயலாது.

மாற்று வழி இல்லாமலில்லை. ஆறாம் பதிப்பு எனப்படும் புதிய முறையில், ஒவ்வொரு கைத்தொலைபேசிக்கும் ஒரு தெருவையே எழுதிக் கொடுக்குமளவு விலாசங்கள் உள. இந்தியாவில் 2016இல் சேவை தொடங்கிய ஜியோ அதனைப் பரவலாகக் கையாண்டது. ஆயினும் கம்பனிகளோடு இணையத்தளங்களும் மாறினாலன்றி முழுப் பயன் விளையாது.

மறுநாள் மாணவனை வேறோர் இணைப்பு வழியாக விண்ணப்பிக்கச் செய்தேன். தடையின்றிச் சென்றது. அவனுக்குக் கேட்டறிய ஓர் ஆசிரியன் இருந்தான். கேட்க ஆளின்றித் தன்னையே நொந்துகொண்ட பிள்ளைகள் எத்தனை பேரோ! விலாசத்தைக் கண்டு ஆளை எடைபோடுவது கடை வைத்திருந்த நம் முன்னோர்க்கே அடுக்காத செயல். கணினியை ஆள்வோர்க்கு மட்டும் அடுக்குமோ?