அளவுகோலாய் நிற்கும் மனிதன்

மூதூர்க் கரையில் எடுக்கப்பட்ட இரண்டு புகைப்படங்கள் என் மேசைமேல் கிடக்கின்றன. எடுத்தவன் என்னிடம் படித்த ஓர் இளைஞன். இரண்டும் ஒரே மாலையில், ஒரே இடத்தில், கால்மணி நேர இடைவெளியில் எடுக்கப்பட்டவை. முதலாவதில் கொட்டியாரக் குடா விரிந்து கிடக்கிறது. கிண்ணியாப் பக்கமாகச் சூரியன் இறங்குகிறது. செம்பொன் நீர்ப்பரப்பின் ஓரத்தில், கயிறொன்றைப் பற்றிச் சாய்ந்து நிற்கும் ஒரு மனிதன் கறுத்த நிழலுருவாகத் தெரிகிறான். இரண்டாவதில் சூரியன் இல்லை. கரைவலையின் ஒரு பக்கக் கயிற்றை இழுக்கும் பதினொரு பேர் குதிகால்கள் மணலிற் புதையப் பின்னோக்கிச் சாய்ந்து நிற்கின்றனர். முன்னால் நிற்பவரின் நெற்றிச் சுருக்கம்கூடத் தெரிகிறது. அவர்களுக்குப் பின்னே கரையேற்றிய தோணி. அதனருகே வலை முதலாளியின் தராசு. மீன் ஏற்ற வந்து நிற்கும் லொறி.

போட்டியொன்றில் முதற்படத்துக்குப் பரிசு கிடைத்தது. இரண்டாவதற்குச் சுவரில் இடங்கூடக் கிடைக்கவில்லை. "கூட்டம் அதிகம், லொறி கண்ணை உறுத்துகிறது" என்றாராம் நடுவர்களுள் ஒருவர்.

லொறி கண்ணை உறுத்தத்தான் வேண்டும். பதினொரு பேரும் மணிக்கணக்கில் இழுத்துக் கரைசேர்த்த மீனுக்கு விலை பேசுவது அந்த லொறியும் அந்தத் தராசுமே. அவற்றை வெட்டியெறிந்துவிட்டு, எஞ்சியவனைத் தனியே பொன்னொளியில் நிறுத்தி, "இயற்கையோடு இயைந்த எளிய வாழ்வு" என்று பெயர் சூட்டுவது அழகுணர்ச்சியாம்! அப்படியானால் அந்த அழகுணர்ச்சி யாருடைய கணக்குப் புத்தகத்தை மறைக்கிறது என்று கேட்பதில் என்ன பிழை?

சட்டகத்துக்குள் எதை வைப்பது, எதை நீக்குவது என்பது வெறும் வடிவப் பிரச்சினை என்பார்கள் தூய அழகியல்வாதிகள். அடிவானத்தை மூன்றிலொரு பங்கில் நிறுத்துக. காட்சியின் பரப்பை உணர்த்தச் சிறியதாக ஓர் உருவத்தை வைக்க. இவைதான் அவர்களுடைய வேதவாக்கியங்கள். மலையின் உயரம் காட்ட ஒரு மனிதன், வயலின் விரிவு காட்ட ஒரு மனிதன், கடலின் பெருமை காட்ட ஒரு மனிதன்! அடிமட்டத்துக்குப் பதிலாக மனிதன் நிற்கிறான். அவன் கறுத்துப்போவதும் இயற்கையின் செயலன்று. வானத்தின் ஒளியை அளந்து கமராவைத் திருத்தினால் மனிதன் இருளாவான். அவன் முகத்தின் ஒளியை அளந்தால் வானம் வெளிறும். இரண்டையும் நிறைவாகப் பெறுவது அந்த நேரத்து ஒளியில் எளிதன்று. வானமா, முகமா என்று தேர்ந்தெடுப்பவன் கலைஞன்தான். அந்தத் தேர்வுக்கு அவன் பொறுப்பேற்கவும் வேண்டும்.

இந்தப் பழக்கம் நேற்று வந்ததன்று. ஆங்கிலேயர் காலத்திலேயே கொழும்பின் ஸ்கீன், பிளாட்டே முதலிய புகைப்பட நிலையங்கள் தேயிலைச் சரிவுகளையும் தென்னங்கரைகளையும் கப்பற் பயணிகளுக்கு விற்றன. பயணி வாங்கியது காட்சியை. அக்காட்சிக்குள் குனிந்து நின்றவர்களின் பெயரை அவர் கேட்கவில்லை. தெற்கே வெலிகமவில் இன்று நடப்பது இதனினும் விசித்திரம். கடலில் நட்ட கம்பங்களில் அமர்ந்து தூண்டில் போடும் மீனவர்களை ஸ்டீவ் மக்கரி 1995இல் எடுத்த படம் உலகெங்கும் பரவியது. இப்போது அக்கரைகளில் பலர் கம்பமேறுவது மீனுக்காக அன்று. படமெடுக்க வருவோர் தரும் காசுக்காக. உழைப்பைக் காட்சிப்பொருளாக்கிய படம், காட்சிப்பொருளாவதையே உழைப்பாக்கிவிட்டது. அவர்களைக் குறைகூற நான் யார்? வயிறு இருக்கிறது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். முற்போக்காளராகிய நாம் இப்பிழைக்கு எதிர்ப்பிழை செய்கிறோம். நிலத்தை முழுவதும் துடைத்துவிட்டு முகத்தை மட்டும் எடுக்கிறோம். கண்ணீர் வழியும் முகம், கன்னம் ஒட்டிய முகம், குழந்தையை அணைத்த தாயின் முகம். மனிதனுக்கு முதன்மை தந்துவிட்டதாக நமக்கு நிறைவு.

இவ்வகைப் படங்களின் தாய் என்று சொல்லத்தக்கது டொரோதியா லாங் 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோவில் எடுத்த படம். பட்டாணி பறிக்க வந்தோரின் முகாம் அது; பயிர் உறைபனியில் அழிந்து, கூலியின்றி மக்கள் பட்டினி கிடந்தனர். லாங் ஒரே கூடாரத்தைச் சில தடவைகள் எடுத்தார். தொலைவிலிருந்து எடுத்தவற்றில் கூடாரம், வெற்றுத் தரை, சாமான்கள், மூத்த மகள் எல்லாம் தெரிகின்றன. படிப்படியாக நெருங்கினார். இறுதிப் படத்தில் தாயின் முகமும், முகம் திருப்பிய இரு பிள்ளைகளும், மடியிற் சிசுவுமே எஞ்சின. அந்தப் படமே உலகப் புகழ்பெற்றது. அதனால் முகாமுக்கு அரசு உணவு அனுப்பியது என்பதை மறைக்கலாகாது. ஆனால் உணவு வருமுன் அக்குடும்பம் அங்கிருந்து போய்விட்டது. அப்பெண் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்பதே 1978இற்றான் உலகுக்குத் தெரிந்தது. அவர் செரோக்கி இனத்தவர் என்பதும் அதன் பின்னரே வெளிப்பட்டது. 1830களில் தம் மண்ணிலிருந்து படைபலத்தால் துரத்தப்பட்ட மக்கள் அவர்கள். நிலம் பறிக்கப்பட்ட இனத்தின் பெண்ணைப் படமாக்கியபோதும் முதலிற் சட்டகத்திலிருந்து வெளியேறியது நிலமே! இரக்கம் மிஞ்சியது, காரணம் வெளியே நின்றது.

கலிபோர்னியா ஏன், நம் வாசலுக்கே வருவோம். 2006இல் மூதூர் கிழக்கில் போர் மூண்டபோது சம்பூர் மக்கள் ஊரைவிட்டு ஓடினர். 2007இல் அவர்களுடைய நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. பின்னர் அனல்மின் நிலையம் என்றார்கள், முதலீட்டு வலயம் என்றார்கள். மக்களோ கிளிவெட்டி முதலிய முகாம்களில் ஆண்டுக்கணக்கில் தகரக் கொட்டில்களுக்குள் இருந்தனர். 2015இற்றான் மீளக் குடியேறும் வழி திறந்தது. 2016இல் அனல்மின் திட்டமும் கைவிடப்பட்டது.

அந்த ஆண்டுகளின் படங்களை நினைத்துப் பாருங்கள். முதலீட்டாளனுக்குக் காட்டத்தக்க படம் பற்றை வளர்ந்த வெறுங்கரை. ஆளில்லாத, ஆகவே ஆரும் கேட்காத நிலம். நிவாரண நிறுவனத்துக்கு வேண்டிய படம் தண்ணீர்க் குழாயடியில் வாளியோடு நிற்கும் பெண்ணின் முகம். ஒன்றில் மக்களில்லா நிலம். மற்றதில் நிலமில்லா மக்கள். இரு படங்களையும் ஒரே சுவரில் அருகருகே மாட்டியிருந்தால், பள்ளிப் பிள்ளைகூடக் கணக்கைப் போட்டிருக்கும். அவை ஒருபோதும் ஒரே சுவரில் மாட்டப்படவில்லை.

(இக்கரையில் 1660இல் பிடிபட்டுக் கண்டியரசனிடம் பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்த ரொபேர்ட் நொக்ஸுக்கு மூதூரில் நினைவுக் கல் உண்டு. தம் சொந்த ஊருக்கு வெளியே ஒன்பது ஆண்டுகள் சிறையிருந்தவர்களுக்கு எந்த மரத்தடியில் கல் நடுவது?)

எனவே ஆசிரிய நண்பர்களே, கைபேசியோடு வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் மூன்றிலொரு பங்கு விதியை நீங்கள் கற்பிப்பதை நான் தடுக்கவில்லை. அதற்குமுன் வேறு சிலவற்றைக் கேட்கச் சொல்லுங்கள். இவர் கை எதைப் பற்றியிருக்கிறது? அது யாருடையது? இவர் நிற்கும் மண் யாருடையது? விடை சட்டகத்துக்குள் வரும்வரை பத்தடி பின்னே போகட்டும். முகம் தொலைந்துபோகுமானால் ஐந்தடி முன்னே வரட்டும். நிழலுருவாக எடுக்கவே கூடாதென்று நான் சட்டம் போடவில்லை. பெயரை மறைத்தால்தான் உயிர் பிழைக்கும் என்ற நிலையில் எத்தனையோ பேரை இந்நாட்டில் அப்படித்தான் எடுக்க வேண்டியிருந்தது. சூரிய அஸ்தமனத்துக்காக ஒருவரைக் கறுப்பாக்குவது வேறு.

பரிசு பெற்ற இளைஞன் இரு படங்களையும் அச்செடுத்துக் கரைக்குக் கொண்டுபோனான். முதற்படத்தை வாங்கிப் பார்த்தவர்கள், "நல்ல வடிவு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதில் நிற்பது யார் என்று கேட்டதற்கு மூவர் மூன்று பெயர் சொன்னார்களாம். இரண்டாவது படம் அவன் கைக்குத் திரும்பி வர அரைமணி நேரமாயிற்று. கயிற்றில் நின்றவர்களை ஒவ்வொருவராக விரல் வைத்து எண்ணினார்கள். பதினொன்று என்றதும், அன்று பன்னிரண்டு பேருக்கல்லவா பங்கு பிரித்தோம் என்று ஒருவர் தொடங்க, வலை முதலாளியின் தராசடியில் பெரிய வாக்குவாதமே எழுந்துவிட்டது.