மருதூர்ச் சுவரும் தைலச் சித்திரமும்

தாமிரபருணியோடு கடனா நதி கலக்கும் இடத்தில், அம்பாசமுத்திரத்துக்கு அருகே உள்ளது திருப்புடைமருதூர். நாறும்பூநாதரைத் தரிசிக்க வருவோர் பலர். கோபுரத்தின் உட்புறத்தை அறிந்தவர் சிலரே. ஐந்து நிலைகளிலும் சுவர் நிறையச் சித்திரங்கள்! அவற்றில் ஒரு போர்க்களமும் உண்டு. அணிவகுத்த வீரர்கள், குதிரைகள், யானைகள். 1532-ஆம் ஆண்டையொட்டி விஜயநகரத்து அச்சுத தேவராயரின் சேனை திருவிதாங்கூர்ச் சேனையோடு இந்த ஆற்றங்கரையில் பொருதியதையே அது காட்டுகிறது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து.

தைல வர்ணம் பயிலும் நம் இளைஞர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? மேல்நாட்டுப் போர்ச் சித்திரத்தின் அச்சுப் பிரதியைப் பார்த்து எழுதுவதிலும் பயன் உண்டுதான். 1868-இல் திருவனந்தபுரம் வந்த தியோடர் ஜென்சன் எழுதுவதைக் கவனித்தே ரவிவர்மா தைல முறையில் தேறினார். ஆனால் அச்சுப் பிரதியில் வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, யார் முன்னால், யார் பின்னால் என்பதையெல்லாம் வேறொருவர் முன்பே தீர்மானித்துவிட்டார். மருதூர்ச் சுவரிலோ நிழலே இல்லை, தூரமும் இல்லை. கோடும் வர்ணமுமே உள்ளன. அதைத் தைலத்தில் கொண்டுவருபவன் சூரியனை எங்கே நிறுத்துவது, எந்தக் குதிரையைப் புழுதிக்குள் மறைப்பது என்று தானே யோசிக்க வேண்டும்.

வேலை பொறுமையானது. பென்சில் படத்தின்மேல் கட்டம் போட்டு, கித்தானில் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்கள் போட்டுக்கொள்ள வேண்டும். டர்ப்பன்டைன் கலந்த மெல்லிய பழுப்பு வர்ணத்தால் இருளையும் ஒளியையும் மொத்தமாகப் பிரித்த பிறகே முகங்களுக்கு வர வேண்டும். எண்ணெய் மிகுந்த பூச்சு மேலே வரலாம், அடியில் கூடாது; மாறினால் படம் வெடிக்கும். புதிதாய்ப் பழகுபவர் முகம் முகமாக முடித்துக்கொண்டே போவார்கள். முடிவில் சேனை இராது, வரிசையாக இருபது பேர் நிற்பார்கள்!

சுவரோவியத்தின் அழகே அதன் கோட்டில்தானே, நிழலிட்டு அதைக் கெடுக்கலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒளியையும் இடத்தையும் மாற்றலாம். உடையையும் ஆயுதத்தையும் மாற்றலாகாது. அவை சரித்திரச் சான்றுகள்.

நாடகத் திரைகளும் பிறகு நாள்காட்டிப் படங்களும் எழுதிய கொண்டைய ராஜு (1898–1976) கோவில்பட்டியில் வாழ்ந்தவர். எனவே இந்தப் பக்கத்துக்குத் தூரிகை புதிதன்று. மாதம் ஒரு நாளேனும், சிறு சிறு குழுவாக, துணைக்கு ஆள் வைத்து, சித்திர மாணவரைக் கோபுரம் ஏற அனுமதிக்கக் கோயில் நிர்வாகம் முன்வர வேண்டும். மாணவர் கையில் பென்சிலும் நோட்டும் போதும். சுவரில் சாயவும் வேண்டாம், தொடவும் வேண்டாம். தைலமும் கித்தானும் வீட்டிலேயே இருக்கட்டும்.