மோட்டார் தாங்கும் என்பது பாதிக் கணக்கு

"எடைச்சமன் எல்லாம் பழைய காலத்து வேலை. மோட்டாருக்குச் சக்தி இருக்கிறது, கியரை ஏற்றினால் போதும், மீதியை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். எடையை ஈடுகட்டும் ஸ்பிரிங் வீண் சுமை." எஃப்.ஆர்.சி. ரோபோப் போட்டிக்குச் சுழலும் கை செய்பவர்களிடம் இந்த வாதம் சுலபமாக எடுபடுகிறது. ஏனென்றால் இதில் பாதி உண்மை.

மோட்டார் கையைத் தூக்கிவிடும். அதில் சண்டை இல்லை. தூக்கிய கையை அந்தரத்தில் தாங்கி நிற்பதுதான் அதற்கு ஆகாத வேலை. 4 கிலோ எடையுள்ள கை, எடை மையம் அச்சிலிருந்து 75 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கை கிடைமட்டமாக நிற்கும்போது அச்சில் விழும் முறுக்குவிசை கிட்டத்தட்ட 30 நியூட்டன் மீட்டர். 50க்கு 1 கியர் போட்டால் மோட்டாரின் பங்கு 0.6. உராய்வை விட்டுவிட்டுப் பார்த்தால், ஒரு சிம் (CIM) வகை மோட்டார் இதற்கு 33 ஆம்பியர் இழுக்கும். சுழலாத மோட்டாரில் அவ்வளவும் வெப்பம்தான்: ஏறக்குறைய 100 வாட். எடையில் ஐந்தில் நான்கு பங்கை ஸ்பிரிங் ஏற்றுக்கொண்டால் மின்னோட்டம் ஐந்தில் ஒன்றாகும். வெப்பமோ இருபத்தைந்தில் ஒன்று, அதாவது 4 வாட். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு போவதால் வரும் லாபம் இது. புது மோட்டார்கள் வந்துவிட்டனவே என்றால், அங்கே நிலைமை இன்னும் மோசம். சிம்மின் எடை 1.27 கிலோ, புது வகையான நியோவின் (NEO) எடை அரைக் கிலோகூட இல்லை. வெப்பத்தை உள்வாங்கிக்கொள்ள உலோகம் குறைவு.

கியர் விகிதத்தை 100 ஆக்கினால் மின்னோட்டம் பாதியாகும், சரி. கையின் உச்ச வேகமும் பாதியாகும். இரண்டரை நிமிட ஆட்டத்தில் அது சின்ன விலை இல்லை.

மென்பொருள் வாதத்தை நீட்ட வேண்டியதில்லை. கோணத்தின் கோசைனைப் பெருக்கி முன்கூட்டியே மின்னழுத்தம் தரும் நிரல், எவ்வளவு தர வேண்டும் என்று சரியாகச் சொல்லும். தருவது என்னவோ பேட்டரிதான்.

"வீண் சுமை" என்பது எதிர்முனையில் இரும்பைக் கட்டுபவர்களுக்குப் பொருந்தும். இதே கைக்கு 25 செ.மீ. தள்ளி 12 கிலோ கட்ட வேண்டியிருக்கும். எந்த அணியும் அதைச் செய்யக் கூடாது. ஆனால் ரப்பர் குழாய்க்கோ, காரின் பின்கதவைத் தாங்குகிற கேஸ் ஸ்பிரிங்குக்கோ அந்த எடை ஏது? கார் சஸ்பென்ஷன் பொறியாளரான ஜார்ஜ் கார்வர்டைன் 1930களில் ஆங்கிள்பாய்ஸ் மேசை விளக்கை நிறுத்தியதும் ஸ்பிரிங்கால்தான்.

ஒரு குற்றச்சாட்டை மட்டும் நானும் ஏற்கிறேன்: இழுபட்ட ஸ்பிரிங் ஆபத்தானது. மின்சாரத்தை அணைத்த பிறகும் அதில் ஆற்றல் இருக்கும், பூட்டைக் கழற்றினால் கை தானாக எழும்பி முகத்தில் அடிக்கலாம். அதனால் முழுச் சமன் வேண்டாம். கை மெல்லத் தாழும்படி கொஞ்சம் குறைத்தே வையுங்கள். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. கச்சிதமாகச் சமன்பட்ட கை, கியர்ப் பற்களுக்கு இடையிலுள்ள ஆட்டத்தில் இப்படியும் அப்படியும் தட்டிக்கொண்டிருக்கும். சற்றே மீந்த எடை பற்களை ஒரே பக்கமாக அழுத்தி வைக்கும்.

அடுத்த முறை யாராவது ஸ்பிரிங் வேண்டாம் என்றால், மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கையின் நுனியில் ஒரு தூக்குத்தராசை மாட்டி மூன்று கோணங்களில் அளந்து காட்டச் சொல்லுங்கள். பிறகு பேசலாம்.